காலா அசார்: கிருமி குடியிருக்கும் இடமும் அதைத் தேடிப்போகும் மருத்துவமும்

ஆம்போடெரிசின் என்ற மருந்தின் பெயர் 2021இல் கருப்புப் பூஞ்சை நோயோடு சேர்ந்து எல்லார் காதிலும் விழுந்தது. அதே மருந்து 'கருங்காய்ச்சல்' எனப்படும் காலா அசார் என்ற இன்னொரு நோய்க்கும் தரப்படுகிறது என்று கேள்விப்பட்டால், இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். ஒன்று பூஞ்சை, மற்றது ஒட்டுண்ணி. இரண்டுக்கும் உறவே கிடையாது. மருந்து மட்டும் ஏன் பொதுவாக இருக்கிறது என்பதற்கு அழகான ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழும். "மலேரியா மாதிரிதானே? கொசுவுக்குப் பதில் மணல் ஈ. ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும், மருந்து கொடுத்தால் போய்விடும்." இதில் ஒவ்வொன்றும் பாதி சரி. ரத்தச் சோதனை இருக்கிறது, ஆனால் அது சொல்வது நாம் நினைப்பதை அல்ல. மருந்து இருக்கிறது, ஆனால் எந்த மருந்து, எவ்வளவு நாள் என்பது உலகத்தில் எந்த மூலையில் நோய் பிடித்தது என்பதைப் பொறுத்து மாறுகிறது. பாதி சரியான தகவலை நம்பிப் பாதி சிகிச்சையோடு நிற்பவர்கள் உயிரையே இழக்கக்கூடும். சிகிச்சை பெறாதவர்களில் 100க்கு 95 பேருக்கு மேல் இறந்துபோகும் நோய் இது.

இந்த நோயில் எனக்குப் புரியாமல் கிடந்த பல விஷயங்கள், ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிந்ததும் தெளிந்துவிட்டன. கிருமி உடம்பில் எங்கே குடியிருக்கிறது? அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் சோதனை, மருந்து, நோய் திரும்பி வருவது எல்லாமே ஒரே நூலில் கோர்த்த மாதிரி விளங்கும்.

## பெயர்கள் தரும் குழப்பம்

'காலா' என்றால் கருப்பு, 'அசார்' என்றால் நோய். வட இந்தியாவில் வழங்கிய பெயர் இது. சிலருக்குத் தோல் கருத்துப்போவதைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. தோல் கருக்கவில்லை என்பதால் இந்த நோய் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

மருத்துவப் பெயர் 'விசெரல் லீஷ்மேனியாசிஸ்'. விசெரல் என்றால் உள்ளுறுப்புகளைச் சேர்ந்தது. லீஷ்மேனியா என்பது கிருமியின் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் இரண்டு மருத்துவர்கள் இருக்கிறார்கள். கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் பணியாற்றி நோயுற்று இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் தான் பார்த்ததை வில்லியம் லீஷ்மன் 1903இல் வெளியிட்டார். அதே ஆண்டு சென்னையில் பணிபுரிந்த சார்லஸ் டோனவன், நோயாளிகளின் மண்ணீரலில் அதே உருவங்களைக் கண்டு எழுதினார். இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனவானி' என்று பெயர் சூட்டியவர் மலேரியாவை ஆராய்ந்த ரொனால்ட் ராஸ். இருவருமே கிருமியைக் கண்டது மண்ணீரலில் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

லீஷ்மேனியா குடும்பத்தில் வேறு சில இனங்கள் தோலில் மட்டும் புண் உண்டாக்கும். அது தனி நோய், உயிருக்கு ஆபத்து குறைவு. இந்தக் கட்டுரை உள்ளுறுப்பைத் தாக்கும் நோயைப் பற்றி மட்டும்தான்.

## மணல் ஈ

பெயரில் மணல் இருந்தாலும் இது மணலில் வாழ்வதில்லை. மணல் நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயர். 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், கொசுவைவிடப் பொடிசு. ரீங்காரம் இல்லை. காது பக்கத்தில் வந்தாலும் தெரியாது. மண்சுவர் விரிசல், மாட்டுத்தொழுவத்தின் ஈர மண் போன்ற இடங்கள்தான் இதற்குப் பிடித்தவை. பெண் ஈ மட்டும் கடிக்கும், பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு.

இந்த ஈதான் நோயைப் பரப்புகிறது என்று நிரூபிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. ஈயைப் பிடித்து வளர்த்தால், கிருமி அதன் உடம்பில் முற்றும்வரை அது உயிரோடு இருக்கவில்லை. ரத்தம் குடித்த ஈக்களுக்கு அப்புறம் உலர்திராட்சை கொடுத்துப் பார்த்தபோதுதான் அவை தாக்குப்பிடித்தன. அந்த வழியில் ஈக்களை வளர்த்து, தாமாக முன்வந்தவர்களைக் கடிக்கவிட்டு, 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் விஷயத்தை முடித்துவைத்தார்கள். தெரிந்தே இந்த நோயை வாங்கிக்கொண்ட அந்தத் தன்னார்வலர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

இந்தியாவிலும் வங்கதேசத்திலும் நேபாளத்திலும் கிருமி மனிதரிடமிருந்து ஈக்கு, ஈயிடமிருந்து மனிதருக்கு என்று போகிறது. மத்தியதரைக் கடல் நாடுகளிலும் பிரேசிலிலும் வேறோர் இனக் கிருமி, 'லீஷ்மேனியா இன்ஃபாண்டம்'. அங்கே நாய்களும் அதைச் சுமக்கின்றன.

## காவலாளியின் வீட்டிலேயே குடியிருப்பு

நம் உடம்பில் குப்பை பொறுக்கும் செல்கள் உண்டு. கிழடுதட்டிய ரத்த அணு, உள்ளே நுழைந்த கிருமி, வேண்டாத துகள் எதுவானாலும் சுற்றி வளைத்து விழுங்கி, உள்ளே இருக்கும் அமிலப் பையில் போட்டுக் கரைத்துவிடும். இந்தச் செல்லுக்கு 'மேக்ரோபேஜ்' என்று பெயர். நிறைய விழுங்குவது என்று பொருள். இவை அதிகமாக இருக்கும் இடங்கள் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை.

மணல் ஈ கடிக்கும்போது தோலுக்குள் இறங்கும் லீஷ்மேனியாவுக்கு வால் இருக்கும், நீளமாக இருக்கும். மேக்ரோபேஜ் வந்து வழக்கம்போல விழுங்குகிறது. வேறு கிருமியாக இருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். லீஷ்மேனியா வாலைச் சுருக்கி உருண்டையாகி, எந்த அமிலப் பையில் அது சாக வேண்டுமோ அதே பைக்குள் உட்கார்ந்து பெருகத் தொடங்குகிறது. ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக நிறைந்து, கடைசியில் செல் வெடிக்கிறது. வெளியே சிதறியவற்றைப் பக்கத்து மேக்ரோபேஜ்கள் ஓடிவந்து விழுங்குகின்றன. ஒவ்வொரு விழுங்கலும் கிருமிக்குப் புது வீடு.

அப்படியானால் கடிபட்ட எல்லாருக்கும் நோய் வருமா? வராது. கிருமி நுழைந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. நோயெதிர்ப்பு மண்டலத்தில் டி செல் என்ற வெள்ளையணுக்கள் இருக்கின்றன. அவை மேக்ரோபேஜுக்கு 'உள்ளே இருப்பதைக் கொல்' என்று கட்டளை கொடுக்கும். கட்டளை சரியாகப் போய்ச் சேர்ந்தால் மேக்ரோபேஜ் விழித்துக்கொண்டு கிருமியை அடக்கிவிடும். கட்டளை பலவீனமாக இருக்கும் உடம்பில்தான் நோய் மூள்கிறது. சத்துக்குறைவான குழந்தைகளும் எச்.ஐ.வி. உள்ளவர்களும் அதிகம் பாதிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மணல் ஈ கிருமியைக் கொண்டுவந்து விடுகிறது. கிருமி மேக்ரோபேஜுக்குள் வாழ்கிறது. மேக்ரோபேஜ்கள் நிறைந்த மண்ணீரலும் கல்லீரலும் மஜ்ஜையும் அதன் ஊர்.

## உடம்பில் தெரிவது என்ன

கடி பட்டு வழக்கமாக 2 முதல் 6 மாதம் கழித்துக் காய்ச்சல் தொடங்கும். விட்டு விட்டு வரும், வாரக்கணக்கில் நீளும். பசி குறையும், உடம்பு இளைக்கும்.

மண்ணீரல் இடது விலா எலும்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் உறுப்பு. ஆரோக்கியமான ஒருவருக்கு வயிற்றை அழுத்திப் பார்த்தாலும் கைக்குத் தட்டுப்படாது. இந்த நோயில் அது வீங்கி விலாவைத் தாண்டி இறங்கி, முற்றிய நிலையில் தொப்புள்வரைகூட வந்துவிடும். கை கால் குச்சியாக, வயிறு மட்டும் இடப்பக்கம் புடைத்து நிற்கும் குழந்தையின் தோற்றம் மறக்க முடியாதது.

மண்ணீரல் ஒரு வடிகட்டி. வடிகட்டி வீங்கினால் அதன் வழியாகப் போகும் ரத்த அணுக்கள் அதிலேயே மாட்டிக்கொள்கின்றன. இன்னொரு பக்கம், அணுக்கள் உற்பத்தியாகும் மஜ்ஜையிலும் கிருமி உட்கார்ந்திருக்கிறது. சிவப்பணு குறைந்து சோகை வரும். வெள்ளையணு குறைந்து நிமோனியா போன்ற தொற்றுகள் நுழையும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியும். பல நோயாளிகளைக் கடைசியில் கொல்வது இப்படி வந்து சேரும் இரண்டாவது தொற்றோ ரத்தக்கசிவோதான்.

## சந்தேகம் எழ வேண்டிய இடம்

காய்ச்சலும் பெரிய மண்ணீரலும் வேறு பல நோய்களிலும் வரும். மலேரியா, டைபாய்டு, உடம்பு முழுக்கப் பரவிய காசநோய், ரத்தப் புற்றுநோய் என்று பட்டியல் நீளம். நோய் அரிதாக இருக்கும் ஊரில் மருத்துவருக்கு இது கடைசியில்தான் நினைவுக்கு வரும், அதற்குள் வாரங்கள் ஓடியிருக்கும். ரத்தப் புற்றோ என்று நினைத்து மஜ்ஜையைச் சோதிக்கப்போய், அங்கே எதிர்பாராமல் லீஷ்மேனியாவைக் கண்டதும் உண்டு.

அதனால் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எங்கே இருந்தீர்கள்?" இந்தியாவில் நோய் நிலைகொண்ட மாவட்டங்கள் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய 4 மாநிலங்களில் 54. அங்கிருந்து வேலைக்காக வேறு மாநிலம் போனவருக்கு மாதங்கள் கழித்து, அந்த நோயே இல்லாத ஊரில் காய்ச்சல் தொடங்கலாம். ஊர் பெயரைக் கேட்காத மருத்துவருக்கு நோயும் பிடிபடாது.

அந்த மாவட்டங்களில் பின்பற்றும் விதி எளிமையானது. 2 வாரத்துக்கு மேல் காய்ச்சல், வழக்கமான மருந்துகளுக்கு அடங்கவில்லை, மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது. இவை சேர்ந்தால் சோதனை செய்ய வேண்டும்.

## விரல்நுனிச் சோதனை: அது காண்பது கால்தடத்தை

கிருமி இருப்பது செல்களுக்குள் என்று பார்த்தோம். ரத்தத்தில் அது மிகக் குறைவு. மலேரியாவுக்குச் செய்வது போல விரலில் ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அதனால் கிருமியைத் தேடாமல் அது விட்டுச்சென்ற தடத்தைத் தேடுகிறார்கள்.

கிருமி நுழைந்ததும் உடம்பு அதற்கென்றே ஒரு புரதத்தைச் செய்யும். அதுதான் 'ஆன்டிபாடி'. ரத்தத்தில் மிதந்து கிருமியின்மேல் ஒட்டிக்கொள்வது அதன் வேலை. இந்த நோயில் உடம்பு ஆன்டிபாடியை மலைபோலக் குவிக்கிறது, பலன்தான் இல்லை. கிருமி செல்லின் சுவருக்கு உள்ளே, ஆன்டிபாடி வெளியே. உடம்புக்கு உதவாத அந்தக் குவியல் மருத்துவருக்கு உதவுகிறது.

'ஆர்கே39' என்ற சோதனைப் பட்டை அதைத்தான் பிடிக்கிறது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் விட்டு, கூடவே கொடுத்திருக்கும் கரைசலைச் சேர்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஈரம் மெல்ல மேலே ஏறும். 10 முதல் 20 நிமிடத்துக்குள் கோடுகள் தெரியும். ஒரு கோடு எப்போதும் வர வேண்டும், பட்டை கெட்டுப்போகவில்லை என்பதற்கு அது அத்தாட்சி. அதுவே வரவில்லை என்றால் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றில் செய்ய வேண்டும். இரண்டாவது கோடும் வந்தால் பாசிட்டிவ். மங்கலாக வந்தாலும் பாசிட்டிவ்தான். மின்சாரமோ ஆய்வகமோ தேவையில்லை. கிராமத்துச் சுகாதார நிலையத்தின் மேசைமேல் வைத்தே முடித்துவிடலாம். இந்தியத் துணைக்கண்டத்தில் நோயுள்ள 100 பேரில் 95க்கும் மேற்பட்டவர்களை இது பிடித்துவிடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் அவ்வளவு திறமை இல்லை, கூடுதல் சோதனை தேவைப்படுகிறது.

இப்போது அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு வருவோம். ஈர சிமெண்டில் யாரோ நடந்து போய்விட்டார்கள் என்று வையுங்கள். தடம் காய்ந்து இறுகி வருடக்கணக்கில் இருக்கும். அதைப் பார்த்து, ஆள் வந்தார் என்று சொல்லலாம். இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்று சொல்ல முடியுமா? ஆன்டிபாடி அந்தத் தடம் மாதிரி. நோய் முழுவதும் குணமான பிறகும் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். நோய் உள்ள பகுதிகளில், கிருமியை அடக்கிவிட்டு நலமாக நடமாடும் பலருக்கும் இருக்கும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெரிகின்றன. காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் இல்லாத ஒருவருக்குப் பட்டையில் கோடு வந்தது என்பதற்காக மருந்து கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே ஒருமுறை நோய் வந்து குணமானவருக்கு மறுபடி காய்ச்சல் வந்தால், பட்டையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. சிகிச்சை முடிந்ததும் 'நெகட்டிவ் ஆயிற்றா பார்க்கலாம்' என்று சோதிப்பதில் பொருளே இல்லை. குணமான மனிதர் இன்னும் கோடு வருகிறதே என்று பயந்து மருத்துவமனைக்கு அலைவது வீண் வேதனை. சிகிச்சை முடிந்து அனுப்பும்போதே யாராவது உட்காரவைத்து இதை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளவர்களின் சிக்கல் இதற்கு நேர் எதிர். அவர்கள் உடம்பு ஆன்டிபாடியைச் சரிவரச் செய்யாததால் நோய் இருந்தும் கோடு வராமல் போகலாம்.

## கிருமியை நேரில் பார்ப்பது

தடம் போதாது, ஆளையே பார்க்க வேண்டும் என்றால் அதன் வீட்டுக்குப் போக வேண்டும். அதாவது மண்ணீரலுக்கோ மஜ்ஜைக்கோ.

மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால் 100க்கு 93 முதல் 99 பேருக்குக் கிருமி கிடைத்துவிடும். மஜ்ஜையில் எடுத்தால் அது 53 முதல் 86வரைதான். அப்படியானால் எல்லாருக்கும் மண்ணீரலிலேயே எடுக்கலாமே? முடியாது. மண்ணீரல் ரத்தம் ஊறிய உறுப்பு. குத்திய இடத்தில் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்தால் உயிருக்கு ஆபத்து. 1000 பேரில் ஒருவருக்கு அப்படி நடக்கலாம். அதனால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் தட்டணுக்கள் 40,000க்குக் கீழே இருந்தாலோ ரத்தம் உறைய நேரம் பிடித்தாலோ செய்வதில்லை.

செய்யும்போது, மண்ணீரலின் ஓரத்தைக் கையால் தடவி உணர்ந்து பேனாவால் தோலில் கோடு போட்டுக்கொள்வார்கள். நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். ஊசி உள்ளே போய் வெளியே வருவது ஒரு நொடிகூட ஆகாது. அப்புறம் பல மணி நேரம் படுக்கையிலேயே வைத்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடிக்குப் பழகிய கை வேண்டும். எங்கு வேண்டுமானாலும் செய்துவிடக்கூடிய வேலை இல்லை இது.

ஊசியில் வந்த துளியைக் கண்ணாடியில் தேய்த்து, ஜீம்சா என்ற சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், மேக்ரோபேஜுக்குள் பொடிப்பொடியாக முட்டை வடிவங்கள் தெரியும். 2 முதல் 4 மைக்ரோமீட்டர்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு புள்ளிகள். ஒன்று உருண்டை, அது உட்கரு. மற்றது குட்டிக் குச்சி போல. அந்தக் குச்சியும் தெரிந்தால்தான் லீஷ்மேனியா என்று உறுதி சொல்வார்கள், இல்லாவிட்டால் சாயத் துகளாகவும் இருக்கலாம். எண்ணிக்கையை 1 முதல் 6 வரை படிகளாகக் குறிப்பார்கள். ஒரு படி ஏறினால் கிருமி பத்து மடங்கு என்று கணக்கு. 6 என்றால் நுண்ணோக்கியின் ஒவ்வொரு பார்வைப் பரப்பிலும் 100க்கு மேல்.

சுருக்கமாகச் சொன்னால், முதல்முறை நோயுற்று அறிகுறிகளோடு வருபவருக்குப் பட்டைச் சோதனை போதும். மறுபடி வந்ததா, மருந்து வேலை செய்ததா என்று குழப்பம் வந்தால், கிருமியையே பார்க்க வேண்டும். பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை உள்ள இடங்களில் அதுவும் கைகொடுக்கும்.

## ஆண்டிமனியின் காலம்

1920ஆம் ஆண்டு வாக்கில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, ஆண்டிமனி என்ற உலோகத்தின் கூட்டுப்பொருளான யூரியா ஸ்டிபமைனைக் கண்டுபிடித்தார். அதுவரை பெரும்பாலும் மரணத்தில் முடிந்த நோய்க்கு நல்ல மருந்து கிடைத்தது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு வரவில்லை. அவர் பெயரை நம் பள்ளிப் பாடங்களில் இன்னும் பெரிதாக எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அதன் வழிவந்த ஆண்டிமனி ஊசிகளே பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க முக்கிய மருந்தாக இருந்தன. 30 நாள் தினம் ஊசி. இதயத்துக்கும் கணையத்துக்கும் கேடு செய்யக்கூடியது. 1990களில் வடக்கு பீகாரில் கிருமி இதற்குப் பழகிவிட்டது. சில பகுதிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மருந்து பலிக்கவில்லை. குறைந்த அளவில், அரைகுறை நாட்கள் ஊசி போட்டுக்கொண்டது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆண்டிமனி அதன் பிறகும் பயன்பட்டிருக்கிறது, பரோமோமைசின் என்ற இன்னொரு ஊசியோடு சேர்த்து 17 நாள்.

## கொழுப்பு உருண்டைக்குள் மருந்து

இப்போது கருப்புப் பூஞ்சை விஷயத்துக்கு வரலாம். ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. நம் செல்களின் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் அதற்குப் பதில் எர்கோஸ்டிரால் என்ற பொருள். லீஷ்மேனியாவின் சவ்விலும் எர்கோஸ்டிராலும் அதன் உறவுப் பொருள்களும்தான். ஆம்போடெரிசின் எர்கோஸ்டிராலைத் தேடிப்பிடித்து ஒட்டி, சவ்வில் ஓட்டை போடுகிறது. உள்ளே இருப்பது ஒழுகிக் கிருமி சாகிறது. பூஞ்சையும் லீஷ்மேனியாவும் சொந்தக்காரர்கள் இல்லை, ஆனால் இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி செங்கல். அதனால் ஒரே மருந்து.

சிக்கல் என்னவென்றால், இது கொலஸ்டிராலையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். பழைய வகை ஆம்போடெரிசின் போட்டால் குளிர்நடுக்கம், காய்ச்சல், சிறுநீரகப் பாதிப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாளாக 15 முறை டிரிப்ஸில் ஏற்ற வேண்டும், ஏறக்குறைய ஒரு மாதம் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

அப்புறம் வந்ததுதான் லிப்போசோம் ஆம்போடெரிசின். லிப்போசோம் என்றால் நுண்ணிய கொழுப்பு உருண்டை. மருந்தை அதற்குள் வைத்து ரத்தத்தில் விடுகிறார்கள். ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு உருண்டையை உடம்பில் யார் பொறுக்குவார்கள்? குப்பை பொறுக்கும் மேக்ரோபேஜ்தான். தன் வழக்கப்படி விழுங்குகிறது, மருந்து நேராகக் கிருமி குடியிருக்கும் அதே செல்லுக்குள் போய்ச் சேர்கிறது. கிருமி எந்தக் குணத்தைப் பயன்படுத்தி உள்ளே புகுந்ததோ, அதே குணத்தைப் பயன்படுத்தியே மருந்தும் போகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் மருந்தின் அளவும் குறைகிறது.

ஷியாம் சுந்தரும் உடன் பணிபுரிந்தவர்களும் பீகாரில் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு முறை ஏற்றியதில் 100க்கு சுமார் 96 பேர் குணமானார்கள். 30 நாள் ஊசி போய் ஒரே நாள். 2014 முதல் இந்தியாவின் முதல்நிலை சிகிச்சை இதுதான். விலை அதிகமான இந்த மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக நன்கொடையாகக் கிடைத்ததால்தான் ஏழைக் கிராமங்களை அது எட்டியது.

ஏற்றும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். முதலில் நோயாளியை எடை பார்க்க வேண்டும். 50 கிலோ என்றால் 500 மில்லிகிராம். ஒரு புட்டியில் 50 மில்லிகிராம் மஞ்சள் தூள் என்பதால் 10 புட்டிகள். ஒவ்வொன்றிலும் 12 மில்லி சுத்திகரித்த நீர் விட்டு, அரை நிமிடம் பலமாகக் குலுக்க வேண்டும். வடிகட்டி வழியாக உறிஞ்சி எடுத்து 5 சதவீதக் குளுக்கோஸில் கலக்க வேண்டும். உப்புக்கரைசலில் கலந்துவிட்டால் மருந்து திரிந்துபோகும். முதலில் துளி மருந்து ஏற்றி ஒவ்வாமை வருகிறதா என்று பார்த்துவிட்டு, மீதியைச் சுமார் 2 மணி நேரத்தில் மெதுவாக இறக்குவார்கள். சிலருக்கு அந்த நேரத்தில் முதுகு வலிக்கும், குளிரும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். மருந்துப் புட்டிகளை 25 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். கோடை கொளுத்தும் ஊர்களில் அது ஒரு தனிப் போராட்டம்.

## வாயால் சாப்பிடும் மருந்து, ஊருக்கு ஊர் மாறும் அளவு

மில்டெஃபோசின் என்ற காப்ஸ்யூல் முதலில் புற்றுநோய்க்காக உருவானது. 2002இல் இந்தியாவில் இந்த நோய்க்கு அனுமதிக்கப்பட்டது. 28 நாள் சாப்பிட வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யும் என்பதால் கர்ப்பிணிகளுக்குத் தரவே கூடாது. கருத்தரிக்கக்கூடிய பெண்கள் மருந்து சாப்பிடும்போதும் முடித்த பிறகு சில மாதங்களும் கருத்தடை பயன்படுத்த வேண்டும். நாளடைவில் இதைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவதும் கூடியது.

ஒரே நாளில் முடியும் சிகிச்சை எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் அதே ஒற்றை டோஸைச் சோதித்தபோது போதிய பலன் இல்லை. மத்தியதரைக் கடல் பகுதியில் கிலோவுக்கு மொத்தம் 18 முதல் 21 மில்லிகிராம்வரை பல நாட்களுக்குப் பிரித்துத் தருகிறார்கள். எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் லிப்போசோம் மருந்தும் மில்டெஃபோசினும் சேர்த்து, கூடுதல் அளவில். இணையத்தில் ஒரு நாட்டுக்கு எழுதிய அளவைப் படித்துவிட்டு இன்னொரு நாட்டு நோயாளியின் சிகிச்சையைத் தவறு என்று வாதிடுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

## குணமாயிற்று என்று எப்போது சொல்வது

மருந்து ஏறிய ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் விடும், பசி திரும்பும். எடையும் ஹீமோகுளோபினும் மெல்ல ஏறும். மண்ணீரல் சுருங்க நாளாகும், அது உடனே குறையவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இது முதல் கட்டக் குணம் மட்டுமே. 6 மாதம் கழித்தும் நோய் திரும்பவில்லை என்றால்தான் முழுக் குணம் என்று எழுதுவார்கள். மிச்சம் இருக்கும் ஒருசில கிருமிகள் மேக்ரோபேஜுக்குள் மறுபடி பெருக அவ்வளவு காலம் தேவைப்படலாம்.

## தோலில் தங்கிய மிச்சம்

உள்ளுறுப்பு நோய் குணமான பிறகு, சிலருக்குத் தோலில் வெளிறிய திட்டுகளோ சிறு முடிச்சுகளோ தோன்றும். பெரும்பாலும் வாயைச் சுற்றி, முகத்தில் தொடங்கும். இதை முதலில் விவரித்தவரும் பிரம்மச்சாரிதான், 1922இல். இந்தியாவில் நோய் வந்தவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு, மாதங்களோ சில வருடங்களோ கழித்து வருகிறது. சூடானில் பாதிப் பேருக்கு, அதுவும் 6 மாதத்துக்குள்.

இது வலிக்காது, அரிக்காது, காய்ச்சல் கிடையாது. தொழுநோய் என்று தவறாக நினைத்துவிடுவதும் உண்டு. தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையும், இதில் தொட்டால் தெரியும்.

ஒரு தொந்தரவும் தராததால் யாரும் மருத்துவரிடம் போவதில்லை. ஆனால் அந்தத் திட்டில் கிருமி உயிரோடு இருக்கிறது. மணல் ஈ அங்கே கடித்தால் கிருமியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இந்தியாவில் 1992இல் 77,102 பேருக்கு வந்த நோய் 2023இல் 600க்கும் கீழே இறங்கியிருக்கிறது. 2023 அக்டோபரில், உலகிலேயே முதல் நாடாக வங்கதேசம் இதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இவ்வளவு இறங்கிய பிறகு, கிருமி ஒதுங்கி நிற்கும் கடைசித் திண்ணைகளில் ஒன்று இந்தத் தோல்.

இதற்குச் சிகிச்சை மில்டெஃபோசின் 12 வாரம். வலியே இல்லாத ஒரு திட்டுக்காக 12 வாரம் வாந்தியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுவில் கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியனுப்ப வேண்டும். வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர் முகத்தில் திட்டு உள்ள ஒருவரைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "உங்களுக்கு முன்னாடி எப்பவாவது காலா அசார் வந்திருக்கா?" ஆமாம் என்று பதில் வந்தால், மறுபடியும் முதலிலிருந்து சோதனை தொடங்க வேண்டும்.